வீட்டில் என்ன காய்ச்சிக் குடிக்கிறீங்கள்?

நான் ஓய்வு பெற்று ஒரு குளிர்காலம் போய்விட்டது. போன வாரம் என் பழைய கிளினிக்கிலிருந்து புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி போன் எடுத்தாள். ஆபரேஷனுக்கு வரும் எல்லாரிடமும் "வீட்டில் என்ன காய்ச்சிக் குடிக்கிறீர்கள்?" என்று கேட்கச் சொல்கிறார்களாம். இதை யார் தொடங்கியது, எதற்காக என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லையாம். "மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டால் போதாதா?" என்றாள். போதாது என்றேன். ஏன் என்று விளக்கப் போனால் அவளுடைய தேநீர் இடைவேளை முழுக்கப் போய்விடும். எழுதி அனுப்புகிறேன் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுகொண்டே போகிறது. ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் அகப்பட வேண்டிவரும்.

நான் மன்னாரில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி. அங்கே எங்களை மிஸி என்று கூப்பிடுவார்கள். சண்டைக் காலத்தில் சில வருடங்கள் அங்கேயே வேலை, பிறகு நியூசிலாந்தில் ஆக்லாந்து. இங்கே என் சான்றிதழை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி படி என்றார்கள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மிச்ச நேரத்தில் படிப்பு. கால் வீங்கியது, பாஸ் பண்ணினேன், அவ்வளவுதான். கடைசியில் பெண்நோய்ப் பிரிவில் இடம் கிடைத்து, டாக்டர் ஹெலனிடம் வந்து சேர்ந்தேன். அது என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

டாக்டர் ஹெலன் நல்ல உயரம். அதனாலேயோ என்னவோ, நோயாளியின் நாற்காலியைவிடத் தாழ்வான ஸ்டூல் ஒன்றை வைத்து அதில்தான் உட்காருவார். வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போடச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. "இந்த வலியால் உன்னால் செய்ய முடியாமல் போவது எது?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தில்தான் பெண்கள் வாய் திறப்பார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்பாள். இன்னொருத்தி புருஷன் பக்கத்தில் வந்தாலே பயமாக இருக்கிறது என்பாள். அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் அதிக நேரம் கண்ணாடி துடைத்தால் நாங்கள் எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்பக்கம் இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற ஒன்று வெளியே, முட்டை உண்டாகும் சூலகத்திலும் குடலிலும் வயிற்றுக்குள் கண்ட கண்ட இடத்திலும் வளர்கிற நோய். மாதவிடாய் வரும்போது அதுவும் சேர்ந்து கசியும், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கட்டிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "பொம்பிளை என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்று தாயும் மாமியும் சொல்லிச் சொல்லியே பல வருடம் ஓடியிருக்கும். எங்கள் ஆட்கள் மட்டும் என்றில்லை, வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

சுகன்யா அப்படித்தான் வந்தாள். கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பிள்ளை, மனுரேவாவில் வீடு, ஈஸ்ட் டாமாக்கியில் ஓர் உணவுக் கம்பெனியில் பாக்கெட்டுகளைச் சரிபார்க்கும் வேலை. புருஷன் பிரபு ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு முன்பே ஊரில் ஒரு ஆபரேஷன் நடந்து, இடது சூலகத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது மிச்சமிருந்த வலது சூலகத்திலும் கட்டி.

டாக்டர் ஹெலன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"ரெண்டாவது நாள் என்னால நிக்க முடியாது சிஸ்டர். முத நாள் எப்படியோ ஓட்டிருவேன். ரெண்டாவது நாள் கன்வேயர் பக்கத்துல தரையில உக்காந்துருவேன். அப்புறம் பிரபு வந்து தூக்கிட்டுப் போகணும்."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். பிறகு அவளே இங்கிலீஷில், தரையைப் பார்த்தபடி சொன்னாள். "இருப்பது ஒன்றுதான் டாக்டர். அதையும் எடுத்துவிடாதீர்கள்."

டாக்டர் ஹெலன் பொய்யாக வாக்குக் கொடுக்கிறவர் அல்ல. கட்டியை மட்டும் எடுத்துச் சூலகத்தைக் காப்பாற்றத்தான் முயற்சி செய்வேன், ஆனால் இரத்தம் நிற்காமல் போனால் உன் உயிர்தான் எனக்கு முதலில் என்று சொன்னார். சுகன்யா தலையை ஆட்டினாள். அறையைவிட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வரிசை நீளமானது. அந்த நேரத்தில் அவளோடு வேலை செய்த ஒரு சீனப் பெண் அவளைச் சீன வைத்தியம் பார்க்கும் டாக்டர் லியுவிடம் கூட்டிப்போனாள். அவருடைய அறை எங்கள் பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில், பேக்கரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பாண் வாங்கப் போகும்போதெல்லாம் அங்கிருந்து வரும் மருந்துப் பட்டை வாசத்தைத் தாண்டித்தான் போவேன். ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெரிய மதிப்பும் இருக்கவில்லை.

டாக்டர் லியு சுகன்யாவின் நாக்கைப் பார்த்தார், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், வலிக்கு மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தி வைத்தார். வேரும் பட்டையும் கலந்த மருந்துச் சரக்கைக் கடதாசிப் பொட்டலங்களாகக் கட்டிக் கொடுத்தார். கூடவே, ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். சுகன்யா எதையும் எங்களிடம் மறைக்கவில்லை. நான் டாக்டர் ஹெலனிடம் சொன்னேன். அவரும், இரண்டு வாரத்துக்கு முன் நிறுத்து என்றுதான் சொன்னார். இரண்டு டாக்டர்களும் ஒரே சொல். ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைத்ததில்லை, எல்லாம் சுகன்யாவின் வாய்வழியாகத்தான் போய்வந்தது. பொட்டலங்களில் கொஞ்சம் மிஞ்சி அவள் வீட்டு அலுமாரியில் இருந்தன.

ஆபரேஷன் நாள் காலை. நோயாளிகளைத் தியேட்டருக்கு அனுப்பும் முன் சரிபார்ப்பது என் வேலை. பெயர், பிறந்த தேதி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ஒவ்வாமை, மருந்துகள். சுகன்யா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். மருந்து ஏதும் எடுக்கிறாயா என்றதற்கு, எல்லாம் நிறுத்திவிட்டேன் என்றாள். அவள் சொன்னது முழு உண்மை.

அவளோடு மாமியாரும் வந்திருந்தார். ஆபரேஷனுக்குத் துணையாக ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த சரஸ்வதி அம்மா. சின்ன உருவம், சேலைக்கு மேல் மகனுடைய பெரிய ஜாக்கெட். மடியில் ஒரு ஸ்டீல் பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இது என்னம்மா?" என்றேன், சும்மா கதை கொடுப்பதற்காக.

"கசாயமுங்க. புள்ள கண்ணு முழிச்சதும் ஒரு வாய் குடுக்கலாம்னு கொண்டாந்தேன்."

"முழிச்ச உடனே ஒண்டும் குடுக்கக் கூடாதம்மா. நாங்கள் சொல்லுறம், அதுக்குப் பிறகு பாப்பம்."

"செரிங்க. நேத்து வரைக்கும் குடிச்சதே தெம்புதானுங்க."

நான் பேனாவை வைத்துவிட்டேன். "நேற்று வரைக்குமா? எவ்வளவு நாளாய்க் குடிக்கிறா?"

"நான் வந்ததுல இருந்து தினமுங்க. காலைல ஒரு டம்ளரு, ராத்திரி ஒரு டம்ளரு."

பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து காட்டுங்கோ என்று கேட்டேன். சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு. அதற்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. பேக்கரிக்குப் பக்கத்து வாசம்.

நடந்தது இதுதான். சரஸ்வதி அம்மா மருமகளுக்கென்று திப்பிலி, சித்தரத்தை, வசம்பு எல்லாம் இடித்துச் சலித்து, துணியில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். செடி, வேர்ச் சரக்கு நாட்டுக்குள் வரக் கூடாதென்று ஆக்லாந்து விமான நிலையத்தில் அத்தனையையும் வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். வெறுங்கையோடு வந்துவிட்டோமே என்று அவருக்கு ஒரே துக்கம். அலுமாரியைத் திறந்தால் கடதாசிப் பொட்டலங்கள். பிரித்து மோந்து பார்த்திருக்கிறார்.

"அதிமதுரம் இருந்துச்சுங்க. பட்டையும் இருந்துச்சு. நம்ம சரக்குத்தான், யாரோ நல்லாத் தெரிஞ்சவங்க கட்டிக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன். காசு போட்டு வாங்குனது வீணாப் போவுதேன்னு, சுக்கு மொளகு சேத்து நல்லா வத்தக் காச்சிக் குடுத்தேன். ஆபரேசன்னா ஒடம்புல தெம்பு வேணுமில்லீங்களா?"

சுகன்யா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, அது டாக்டர் லியு குடுத்த மருந்து. நிறுத்தச் சொன்ன மருந்து. மொளகுக் காரத்துல எனக்கு வாசமே தெரியலயே."

"மருந்துங்களா? மருந்துன்னா மாத்திரை, ஊசி. இது கசாயந்தானே கண்ணு?"

நான் இதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவை முட்டாள் என்று யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வரும். எங்கள் வீடுகளில் மருந்து வேறு, கஷாயம் வேறு. கஷாயம் ரசத்துக்குத் தங்கச்சி மாதிரி, அடுப்படியில் பிறந்தது. நானே தாதியாய் இத்தனை வருடம் இருந்தும், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒருவர் என்னைக் கேட்டால் நான் குடிக்கும் கொத்தமல்லித் தண்ணீரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

டாக்டர் ஹெலனுக்குச் சொன்னேன். தியேட்டர் உடுப்போடு வந்தார். பிளாஸ்க்கை வாங்கி மோந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் அவர் துடைக்கவில்லை, மறுபடி மாட்டிக்கொண்டு, சரஸ்வதி அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"இவரிடம் சொல்லுங்கள். கத்தி வைத்த பிறகு தெரியவராமல், வைப்பதற்கு முன்னாலேயே எங்களுக்குச் சொன்னாரே, அது பெரிய உதவி. நன்றி."

நான் சொன்னேன். சரஸ்வதி அம்மாவுக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிரபு ஓடி வந்தவன் தாயைப் பார்த்து, "உனக்கு யாரும்மா இந்த வேலை குடுத்தா?" என்று சீறினான். டாக்டர் ஹெலன் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. சுகன்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அத்தனை காத்திருப்பும் போய், இன்னும் எத்தனை ரெண்டாவது நாளோ என்று அவள் நினைத்திருப்பாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

டாக்டர் ஹெலன் அன்றைக்கே டாக்டர் லியுவுக்குத் தானே போன் செய்தார். அவர் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். கசங்கின கம்பளிச் சட்டை போட்ட, மெல்லக் கதைக்கிற மனிதர். எங்கள் தேநீர் அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சீனாவில் அவர் வேலை செய்த ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவமும் ஒரே கட்டடத்தில்தானாம். ஒரு வார்டில் ஹார்மோன் மாத்திரையும் கஷாயமும் ஒரே தட்டில் வருமாம். இங்கே வந்த பிறகு ஓர் ஆஸ்பத்திரி டாக்டர் தன்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகவே சொன்னார்.

"எங்கள் பாஷையில் இது தேங்கி நிற்கும் இரத்தம். என் மருந்து அதை ஓட வைப்பது" என்றார் அவர்.

"ஓட வைக்கும் அதே மருந்து என் கத்திக்குக் கீழே எனக்கு எதிரி" என்றார் டாக்டர் ஹெலன்.

"ஆமாம். அதனால் முதலில் நான் நிறுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் முடித்த பிறகு நான் வருவேன்."

இருவரும் ஒரு முறை வகுத்தார்கள். ஆபரேஷன் வரை கஷாயம் எதுவும் இல்லை, வலிக்கு டாக்டர் லியு குத்தி வைக்கும் ஊசி மட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு மாதவிடாயை நிறுத்தி வைக்கும் ஹார்மோன் மாத்திரை டாக்டர் ஹெலனுடையது. காயம் ஆறிய பிறகு மெல்ல மெல்லக் கஷாயம் டாக்டர் லியுவுடையது. ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்க்க இடைக்கிடை இரத்தப் பரிசோதனை. யார் எதை மாற்றினாலும் மற்றவருக்குப் போன். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்தியர்கள் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

சரஸ்வதி அம்மாவையும் அவர்கள் விடவில்லை. பொட்டலத்தில் எது எது என்ன என்று டாக்டர் லியு அவருக்கு எடுத்துக் காட்டினார். அதிமதுரத்தைக் கண்டுபிடித்ததற்காகக் கையைக் கூப்பிக் கும்பிட்டார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

சில வாரம் கழித்து, வரிசையில் இடையில் ஓர் இடம் காலியானதும் சுகன்யாவைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நான் அனுமதி கேட்டுத் தியேட்டருக்குள் நின்றேன். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுக் கமராவை விட்டதும் திரையில் எல்லாம் தெரிந்தது. சூலகம் கருப்பையின் பின்பக்கம் ஒட்டிப்போய்க் கிடந்தது, குடலும் அதோடு. டாக்டர் ஹெலன் முதலில் குடலைப் பிரித்தார். அதற்கே வெகுநேரம் போனது. பிறகு கட்டியின் தோலைச் சூலகத்திலிருந்து உரிக்கத் தொடங்கினார், அவித்த முட்டையின் உள்தோலை உரிப்பதுபோல, கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக. இரத்தம் கசிந்த இடங்களைச் சுடவில்லை. சுட்டால் முட்டைகள் செத்துப்போகும் என்று நூலால் தைத்தார். ஓரிடத்தில் தைத்தும் நிற்காமல் இரத்தம் பொங்கியது. மயக்க மருந்து டாக்டர் தலையை நிமிர்த்தினார். டாக்டர் ஹெலன் துளை வழியாக விட்ட சின்னத் துணியை வைத்து அழுத்தியபடி அசையாமல் நின்றார். நான் மாதாவை நினைத்துக்கொண்டேன். துணியை எடுத்தபோது இரத்தம் நின்றிருந்தது.

கை கழுவும்போது அவர் என்னிடம் சொன்னார். "ரெஜினா, அன்றைக்குச் செய்திருந்தால் இந்த இடத்தில் நான் அதை எடுத்திருப்பேன்."

வெளியே சரஸ்வதி அம்மா இருந்தார். கையில் பிளாஸ்க் இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல் விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். நல்லபடியா முடிஞ்சுதா, புள்ள முழிச்சாளா என்று எதையும் கேட்கவில்லை.

"இருக்குதுங்களா?" என்றார்.

"ஓம் அம்மா. இருக்கு."

அவர் அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டார். நானும் அழுதேன். வேலை நேரத்தில் அழக் கூடாது என்று இளம் நர்ஸ்களை எத்தனை தடவை ஏசியிருப்பேன்.

பிறகு வேறு பலருக்கும் செய்துபார்த்த இந்த முறையால் எல்லாருக்கும் குணமானது என்று நான் எழுத மாட்டேன். சிலருக்கு நல்ல மாற்றம் இருந்தது, சிலருக்கு இரண்டு மருத்துவமும் சேர்ந்தும் பெரிதாக உதவவில்லை. சிலருக்கு நோய் திரும்பி வந்தது. "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. "அதெல்லாம் சும்மா ஏமாற்று" என்கிறவர்களிடமும் இல்லை. ஒன்றும் செய்யாத கஷாயத்துக்காக எந்த டாக்டரும் ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினோம். எத்தனை அடுப்படிகளின் கதை வெளியே வந்தது என்று நினைக்கிறீர்கள்? மாவோரிப் பெண் ஒருத்தி தன் அத்தை அவித்துத் தரும் இலைத் தண்ணீரைச் சொன்னாள். ஒரு குஜராத்திப் பெண் போத்தலோடு கொண்டுவந்தாள். மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டிருந்தால் அத்தனை பேரின் பதிலும் "இல்லை" என்பதுதான்.

நான் வேலையைவிட்டு வந்த நாளில் கிளினிக்கில் ஒரு சின்னத் தேநீர் விருந்து வைத்தார்கள். டாக்டர் ஹெலன் வந்தார், டாக்டர் லியுவும் வந்தார். சுகன்யா மனுரேவாவிலிருந்து ரயில் பிடித்து வந்தாள், கையில் அதே ஸ்டீல் பிளாஸ்க். பேப்பர் கப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அவளே ஊற்றிக் கொடுத்தாள்.

டாக்டர் ஹெலன் கப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் கேட்டார். "இதில் என்ன காய்ச்சியிருக்கிறாய்?"

அறையே சிரித்தது. "வெறும் சுக்கு மல்லிக் காப்பி டாக்டர்" என்றாள் சுகன்யா. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "அத்தை ஊர்ல இருந்து போன்ல சொல்லிக் குடுத்தாங்க. டாக்டர் லியுகிட்ட கேட்டுட்டு அப்புறம் அடுப்பப் பத்த வைன்னாங்க."

அவள் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை வேண்டுமென்று டாக்டர் ஹெலனிடம் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தாள், மாதவிடாய் திரும்ப வரத் தொடங்கியிருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இருந்து ஊத்து பிள்ளை. கால் வலிக்கப் போகுது."

"வேணாம் சிஸ்டர்" என்று அடுத்த கப்பை எடுத்தாள். குரலைத் தணித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னைக்கு ரெண்டாவது நாள்."